அரை பாட்டில் தண்ணீர்தானே என்று விடலாமா?

விடியற்காலையில் போடியிலிருந்து மேலே கிளம்பும் ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். பூப்பாறை, சாந்தன்பாறை, சின்னக்கானல் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குச்சட்டியும் கம்பளியுமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தண்ணீர் பாட்டில் ஒன்று கிடக்கும். குடிப்பதற்கல்ல, ரேடியேட்டருக்கு. "தினம் அரை பாட்டில் குடிக்கும் சார், இந்த வண்டியின் குணம் அப்படி" என்பார் டிரைவர்.

வண்டிக்கு அப்படியொரு குணம் கிடையாது. நல்ல நிலையில் உள்ள என்ஜினில் தண்ணீர் தினம் குறையக் கூடாது. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். பழைய ஜீப்பிலும் அம்பாசடரிலும் ரேடியேட்டரையும் ஹோஸ் குழாய்களையும் பார்த்துவிட்டு ஒன்றும் அகப்படாமல் கைவிடுகிறவர்கள், தெர்மோஸ்டாட் உட்கார்ந்திருக்கும் சிறிய கூட்டைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

ரேடியேட்டரின் மேல் ஹோஸ் என்ஜினில் வந்து சேரும் இடத்தில், இரண்டு மூன்று நட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும் முழங்கை போன்ற பாகம்தான் அந்தக் கூடு. அதற்குள் தெர்மோஸ்டாட் வால்வு இருக்கிறது. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது இந்த வால்வு தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் அடைத்துக்கொள்ளும். சுமார் 82 டிகிரி சூடு வந்ததும் திறக்கத் தொடங்கும். உள்ளே மின்சாரமும் இல்லை, கம்பியும் இல்லை. சிறு குப்பியில் அடைத்த மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளுகிறது. 1930-களில் அமெரிக்காவில் உருவான இந்த யோசனை இன்றும் மாறவில்லை.

கூடு பல வண்டிகளில் அலுமினியம், அது உட்காரும் ஹெட் இரும்பு, ஸ்டட்டுகளும் இரும்பு. இடையில் ஓடைத் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றி வந்தால் அலுமினியம் அரிபட்டுக் குழிவிழும். அந்தக் குழி வழியே தண்ணீர் கசியும். என்ஜின் சூடாக இருக்கும்போது கசிந்து, சூட்டிலேயே ஆவியாகிவிடுவதால் தரையில் ஒரு சொட்டும் விழாது. காலையில் கூட்டின் அடியைத் துணியால் தடவிப் பாருங்கள். சுண்ணாம்பு போன்ற வெள்ளைத் தடமோ, துருநிறக் கோடோ இருந்தால் திருடன் அகப்பட்டான்.

சமவெளியில் இந்தக் கசிவோடு பல மாதங்கள் ஓட்டிவிடலாம். நம் மலையில் கணக்கு வேறு. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், ஐயாயிரம் அடி உயரத்தில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக இங்கே நேரமாவது வீட்டுப் பெண்களுக்கெல்லாம் தெரிந்ததே. ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால்தான் வண்டி தப்பிக்கிறது. 7 பவுண்டு மூடி ஒழுங்காக வேலை செய்தால் அதே உயரத்தில் 107, 108 டிகிரி வரை தண்ணீர் கொதிக்காது. கூட்டில் கசிவிருந்தால் அழுத்தம் சரியாக நிற்காது. 95-க்கும் 108-க்கும் இடையிலுள்ள அந்தப் பதின்மூன்று டிகிரிதான் நம் பாதுகாப்பு. அரை பாட்டில் தண்ணீரோடு அதையும் சேர்த்தே இழக்கிறோம்.

போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏற்றம். பாரத்தோடு முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்ந்து ஏறும்போது என்ஜின் முழு மூச்சில் உழைக்கிறது, எதிர்க்காற்றோ குறைவு. அங்கேதான் கொதிக்கும். கொதித்தபின் ஓட்டினால் ஹெட் கேஸ்கட் போகும். ஹெட்டே வளைந்தாலும் வளையும். அத்தோடு பல நாள் வருமானமும் போகும். மேலே வந்தபின் நின்றாலும் நிம்மதியில்லை. ஆனையிறங்கல் பக்கம் இருட்டிய பிறகு பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்க யாருக்குத் தைரியம் வரும்? 2023 ஏப்ரலில் அரிக்கொம்பனைச் சின்னக்கானலிலிருந்து பிடித்துக்கொண்டு போனார்களே தவிர, மற்ற யானைகள் இங்கேதான் இருக்கின்றன.

இந்த வேலைக்குப் பட்டறை தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை போதும். ஸ்பானர், ஸ்குரூ டிரைவர், மழுங்கிய கத்தி, உப்புத்தாள், புது பேக்கிங் இவ்வளவுதான். என்ஜின் கையால் தொடும் அளவுக்கு ஆறியிருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகத்தைப் பொசுக்கிக்கொண்டவர்கள் உண்டு.

முந்தைய இரவே நட்டுகளுக்கு மண்ணெண்ணெய் கலந்த ஆயில் விட்டுவையுங்கள். துருவேறிய ஸ்டட் முறிந்தால் அரைமணி வேலை இரண்டு நாள் வேலையாகிவிடும். மறுக்கிறது என்றால் முரட்டுத்தனம் வேண்டாம். கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி ஆயில் விட்டுப் பழக்குங்கள். கீழ்க்குழாயைத் திறந்து கூட்டின் மட்டத்துக்குக் கீழே வரும்வரை தண்ணீரை ஒரு பாத்திரத்தில் பிடியுங்கள். கூலன்ட் கலந்திருந்தால் அந்தப் பாத்திரத்தைத் திறந்தபடி வைக்காதீர்கள். இனிப்பாக இருக்கும் விஷம் அது, நாயும் குழந்தையும் நக்கிவிடும்.

கூடு ஒட்டிக்கொண்டிருந்தால் மரத்துண்டை வைத்து மெதுவாகத் தட்டினால் போதும். உள்ளே துணியை அடைத்துவிட்டுத்தான் பழைய பேக்கிங்கைச் சுரண்ட வேண்டும். சுரண்டிய தூள் தண்ணீர்ப் பாதையில் விழுந்தால் ரேடியேட்டரில் போய் அடைக்கும். கூட்டின் முகத்தைக் கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாள் விரித்துத் தேய்த்துப் பாருங்கள். லேசான குழிகள் மறைந்துவிடும். ஆழமான அரிப்போ கீறலோ இருந்தால் பசையைப் பூசி ஏமாற்றிக்கொள்ளாமல் புதுக் கூடு வாங்கிவிடுவதே நல்லது. கடைக்குப் பழையதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் கூடுகளில் துளை இடைவெளி மாறும்.

இந்த இடத்தில் பலர் ஒரு காரியம் செய்கிறார்கள். "வால்வை எடுத்து எறிந்துவிட்டால் வண்டி ஹீட்டே ஆகாது" என்று யாராவது சொல்ல, அதைக் கேட்டு எடுத்துவிடுகிறார்கள். சூடேறினால் நல்ல வால்வு தானாகவே திறந்துகொள்ளும். பிறகு அதை எடுப்பதில் என்ன லாபம்? கசிவும் இதனால் நிற்காது. பனிமூட்டக் காலையில் என்ஜின் சூடேறாமல் புகைந்து, டீசலைக் குடித்து, தேய்மானம் கூடும். குளிர் மலைக்கு வால்வு அவசியம் வேண்டும். நல்லதா கெட்டதா என்று பார்க்க அடுப்படியே போதும். வாய்ப்பகுதியில் நூலை இடுக்கி, வால்வைப் பழைய பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே வாய் திறந்து வால்வு நூலிலிருந்து நழுவி விழ வேண்டும். கொதித்தும் விழாவிட்டால் மாற்றுங்கள். (பாத்திரத்தைத் திருப்பிச் சமையலுக்குக் கொடுக்காதீர்கள்.)

மாட்டும்போது வால்வின் ஸ்பிரிங் பக்கம் என்ஜினை நோக்கி இருக்கட்டும். நட்டுகளை ஒவ்வொன்றாக முழுக்க இறுக்காமல், மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். அவசரத்தில் ஒரு பக்கத்தை முதலில் முறுக்கி, வாங்கிய அன்றே புதுக் கூட்டைக் கீறவிட்டவன் நான். அந்தச் 'டிக்' சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பிறகு கூலன்டும் வடிதண்ணீரும் சரிபாதியாகக் கலந்து மெதுவாக ஊற்றுங்கள். மூடியைத் திறந்தபடியே என்ஜினை ஓடவிட்டு மேல் ஹோஸை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். சில நிமிடம் குளிர்ந்தே இருந்து திடீரென்று சூடேறினால் வால்வு திறந்துவிட்டது. உள்ளிருந்த காற்று வெளியேறி மட்டம் இறங்கும், நிரப்பி மூடிவிடுங்கள். மறுநாள் ஒரு ஏற்றம் ஓட்டிவந்து, வண்டி ஆறியதும் அதே துணியால் கூட்டின் அடியை மீண்டும் ஒருமுறை தடவிப் பாருங்கள்.