துளை முதலில், ஸ்குரூ பிறகு

தேக்கு நிலையில் ஒரு கதவை மாட்ட மூன்று கீல்கள் வேண்டும். கீலுக்கு எட்டு ஸ்குரூ என்றால் மொத்தம் 24. எல்லாத் துளைகளையும் முதலிலேயே போட்டுவிட்டு, பிறகு ஸ்குரூக்களை வரிசையாக முறுக்கிவிடலாமே என்று தோன்றும். அனுபவப்பட்ட ஆசாரி அப்படிச் செய்வதில்லை. கீலுக்கு ஓரிரு ஸ்குரூ மட்டும் ஏற்றி, கதவைத் திறந்து மூடி, எங்கே உரசுகிறது என்று பார்த்த பிறகுதான் மற்றவற்றுக்குப் போவார். ஆகவே துளையிடுவதும் முறுக்குவதும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். கையில் இருப்பது ஒரே டிரில் மெஷின் என்றால் ஒவ்வொரு முறையும் பிட்டைப் பிடித்திருக்கும் சக்கைத் தளர்த்தி, துளை பிட்டைக் கழற்றி, திருப்புளி பிட்டைச் செருகி, மறுபடி இறுக்க வேண்டும்.

அலுப்பு தட்டும் இந்த இடத்தில்தான் துளையிடாமலே ஸ்குரூவை ஏற்றிவிடும் ஆசை வருகிறது. மரம் பிளப்பதும் இங்கேதான்.

மரத்தின் வலிமை எல்லாத் திசையிலும் ஒன்றல்ல. நார் ஓடும் திசையில் இழுத்தால் அது அசாத்தியமாகத் தாங்கும். நாரின் குறுக்கே இழுத்தாலோ அந்த வலிமையில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. நார்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிணைப்பு அவ்வளவு பலவீனமானது. துளையில்லாத மரத்தில் இறங்கும் ஸ்குரூ, தன் தண்டுக்கு இடம் தேடி நார்களை இரு பக்கமும் தள்ளுகிறது. பலகையின் ஓரமோ முனையோ பக்கத்தில் இருந்தால் விரிசல் நிச்சயம். முன்கூட்டியே போட்ட துளை, தண்டுக்கான மரத்தை வெளியே எடுத்துவிடுகிறது. மரை மட்டும் சுற்றியுள்ள நாரைக் கடித்துப் பிடிக்கிறது.

எட்டாம் நம்பர் ஸ்குரூவை எடுத்துக்கொள்வோம். மரையோடு சேர்ந்த விட்டம் ஏறக்குறைய 4.2 மி.மீ.; மரைகளுக்கு நடுவே உள்ள தண்டு 3 மி.மீ. அளவு. தேக்கு போன்ற உறுதியான மரத்தில் 3 மி.மீ. துளையும், மென்மையான மரத்தில் அதைவிடச் சற்றுச் சிறியதும் போதும். இரண்டு பலகைகளைச் சேர்க்கும்போது மேல் பலகைக்கு இன்னொரு துளை தேவை: ஸ்குரூ உரசாமல் நழுவிப் போகும்படி சுமார் 4.5 மி.மீ. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அப்போது மரை மேல் பலகையையும் கடித்துக்கொள்கிறது. எவ்வளவு முறுக்கினாலும் இரண்டு பலகைகளும் ஒன்றையொன்று நெருங்குவதே இல்லை, இடைவெளி அப்படியே நிற்கிறது. மூட்டு ஆடுகிறது என்று புகார் வந்தால் ஸ்குரூவைக் குறை சொல்வதற்கு முன் இந்தத் துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தலை பலகையோடு சமமாகப் படிய, வாயில் ஒரு கூம்புப் பள்ளமும் வேண்டும்.

ஆக ஒரு ஸ்குரூவுக்கு நான்கு வேலை. கருவி மாற்றுவது சுலபமானால் ஒழிய யாரும் நான்கையும் ஒழுங்காகச் செய்யமாட்டார்கள்.

பிட்டைப் பிடிப்பதற்கே ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் ஆர்தர் ஜேக்கப்ஸ் 1902-ல் சாவி போட்டு முடுக்கும் சக்குக்குக் காப்புரிமை பெற்றார். பழைய வகைச் சக்கில் விரல்முட்டி அடிபட்டதுதான் அவரை யோசிக்க வைத்தது என்பார்கள். 1917-ல் பிளாக், டெக்கர் என்ற இருவர், துப்பாக்கிப் பிடியும் விசையும் கொண்ட மின்சார டிரில்லுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். இன்று கையில் பிடிக்கும் மெஷினின் உருவம் அங்கிருந்து வந்தது. ஆனால் அதிலும் பிட்டை மாற்ற இரண்டு கையும் வேண்டியிருந்தது.

விரைவாக மாற்றும் பிடிப்பான் இதை வேறு வழியில் தீர்க்கிறது. பிட்டின் அடிப்பகுதி உருளையாக இல்லாமல் அறுகோணமாக இருக்கும்; எதிரெதிர் முகங்களுக்கிடையே 6.35 மி.மீ., அதாவது கால் அங்குலம். மெட்ரிக் முறையில் அளக்கும் நாடுகளிலும் இந்த அங்குல அளவே நிலைத்துவிட்டது. அறுகோணத்தின் சுற்றிலும் ஒரு பள்ளம். பிடிப்பானுக்குள் இருக்கும் சிறிய எஃகுக் குண்டு அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். வெளியே உள்ள வளையத்தை இழுத்தால் குண்டு ஒதுங்க இடம் கிடைத்து, பிட் கழன்று வரும். முறுக்கு விசையை ஏற்பது ஆறு முகங்கள்தான். குண்டின் வேலை பிட் நழுவி வராமல் காப்பது மட்டுமே. வட்டத் தண்டு சக்கில் வழுக்குவதுபோல் அறுகோணம் வழுக்க வழியில்லை.

இன்னும் ஒரு படி மேலே போனது, இரு முனைப் பிடிப்பான். ஒரு முனையில் துளை பிட்டும் கூம்புப் பள்ளம் வெட்டும் அலகும், மறு முனையில் திருப்புளி பிட். துளை முடிந்ததும் உருவி, தலைகீழாகத் திருப்பிச் செருகினால் ஸ்குரூ ஏற்றலாம். கதவு வேலைக்கு இது மிகப் பொருத்தம்.

குறையும் உண்டு. எளிதில் உள்ளே போய் வர வேண்டுமென்பதால் பிட் கொஞ்சம் தளர்ந்தே நிற்கிறது. சுழலும்போது நுனி லேசாக ஆடும். ஒன்று, ஒன்றரை மி.மீ. பிட்டுகள் இதில் சீக்கிரம் ஒடிந்துபோகும். துல்லியமான துளைக்கு மூன்று தாடைச் சக்கே மேல்.

பித்தளை ஸ்குரூ போடுகிறவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். பித்தளை மென்மையானது, தேக்கில் பாதி வழியில் தலை முறிந்துவிடும். அதே அளவுள்ள இரும்பு ஸ்குரூவை முதலில் ஏற்றி இறக்கினால் மரத்தில் மரை வெட்டப்பட்டுவிடும். பிறகு பித்தளைக்கு மெழுகு தடவி, மெஷினை வைத்துவிட்டுக் கையாலேயே முறுக்கலாம்.