ஒரு மூடி எலுமிச்சம்பழம் எத்தனை ஸ்பூன்?

சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் பொல்லாதவர்கள். உப்பு அரை ஸ்பூன், பெருங்காயம் ஒரு சிட்டிகை என்று கணக்காகச் சொல்லிக்கொண்டே வருவார்கள். கடைசியில், "ஒரு மூடி எலுமிச்சம்பழம் பிழியவும்" என்று முடித்துவிடுவார்கள். எந்தப் பழம்? கோலிக்குண்டு மாதிரி இருப்பதா, கோழிமுட்டை மாதிரி இருப்பதா? அதைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள்! தாளித்து வைத்த சித்திரான்னத்தின் கதியோ அந்த ஒரு மூடியில்தான் இருக்கிறது.

ஆகவே, அளந்தே பார்த்துவிடுவோம். நம் கடைகளில் விற்கும் நாட்டு எலுமிச்சம்பழம், நடுத்தர அளவில், சுமார் 40 முதல் 50 கிராம் இருக்கும். நல்ல பழமானால் 15 முதல் 20 மில்லி சாறு இறங்கும். டீஸ்பூன் என்பது 5 மில்லி. ஆக, முழுப் பழத்துக்கு மூன்று அல்லது நாலு டீஸ்பூன். ஒரு மூடிக்கு ஒன்றரை முதல் இரண்டு.

ஆங்கிலச் சமையல் புத்தகத்தைப் பார்த்துச் சமைப்பவர்கள் உஷாராக இருக்க வேண்டும். அங்கே 'லெமன்' என்பது வேறு பழம். நம்முடையது 'லைம்' ஜாதி. ஒரு பெரிய லெமன் 30 முதல் 45 மில்லி வரை சாறு தரும். நம் பழத்தில் இரண்டு, மூன்று சேர்ந்தால்தான் அதற்கு ஈடாகும்.

இந்த வித்தியாசம் சமையலோடு நின்றுவிடவில்லை. 1747-ம் ஆண்டில் 'சாலிஸ்பரி' என்ற கப்பலில் டாக்டர் ஜேம்ஸ் லிண்ட், ஸ்கர்வி நோயால் வாடிய 12 மாலுமிகளுக்கு இருவர் இருவராக வெவ்வேறு சிகிச்சை செய்தார். தினம் இரண்டு ஆரஞ்சும் ஒரு லெமனும் சாப்பிட்ட இருவரே சீக்கிரம் தேறினார்கள். 1795-ல் பிரிட்டிஷ் கடற்படை லெமன் சாற்றைக் கட்டாயமாக்கியது. பிற்பாடு மேற்கிந்தியத் தீவுகளின் லைமுக்கு மாறினார்கள். புளிப்பு இருந்தால் போதும் என்று நினைத்தார்கள் போலும்! ஆனால் லைம் சாற்றில் ஸ்கர்வியைத் தடுக்கும் சக்தி குறைவு என்பதை 1918-ல் லண்டனில் ஹாரியட் சிக் அம்மையாரும் அவருடன் வேலை செய்த பெண்மணிகளும் நிரூபித்தார்கள்.

சரி, நம் அடுப்பங்கரைக்குத் திரும்புவோம். கோடையில் எலுமிச்சை விலை ஏறும்போது ஒவ்வொரு சொட்டும் காசுதான். பெரிய பழமாகப் பார்த்து ஏமாறாதீர்கள். தோல் மெல்லியதாக, வழவழப்பாக, கைக்குக் கனமாக இருக்கிற பழமே சாறுள்ளது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததைச் சற்று வெந்நீரில் போட்டு, பலகையில் அழுத்தி உருட்டிவிட்டு நறுக்கினால் சாறு எளிதில் இறங்கும். அதற்காகத் தோலை நசுக்கிப் பிழியக் கூடாது, கசந்துவிடும். விலை மலிந்த நாளில் பிழிந்து, ஐஸ் தட்டில் குழிக்கு மூன்று டீஸ்பூன் வீதம் ஊற்றி உறைய வைத்தால், ஒரு கட்டி ஒரு பழத்துக்குச் சமம்.

இறக்கி வைத்த பிறகே சாற்றைச் சேருங்கள், வாசனை போகாது. அதுவும் சொன்ன அளவில் பாதியை முதலில் விட்டு ருசி பாருங்கள். குறைந்த புளிப்பைக் கூட்ட ஒரு ஸ்பூன் போதும். கூடிய புளிப்பைத் திரும்ப எடுக்க எந்த நளபாகத்திலும் வழியில்லை!