பதில் சொல்ல வேண்டியது தில்லியா, பெங்களூரா?
கல்வி, திறன் பயிற்சி குறித்த கேள்விகள் படும் பாடு

புதுதில்லி: கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலை அடுத்த பேத்தமங்களாவில் பத்தாம் வகுப்பை முடித்த ஒரு மாணவனின் எதிர்காலம் குறித்து மக்களவையில் கேள்வி எழுப்ப விரும்பும் உறுப்பினர், அதை எந்த அமைச்சரிடம் கேட்பது என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும். தமிழ்வழிப் பள்ளி பற்றி என்றால் கல்வி அமைச்சகம். தொழிற்பயிற்சி நிலையம் என்றால் திறன் மேம்பாட்டு அமைச்சகம். மூடப்பட்ட தங்கச் சுரங்கம் என்றால் சுரங்க அமைச்சகம். மொழிச் சிறுபான்மையினரின் உரிமை என்றால் சிறுபான்மையினர் விவகார அமைச்சகம். ஒரே மாணவனுக்கு நான்கு அமைச்சர்கள். ஆயினும், "இது மாநில அரசைச் சார்ந்தது" என்ற ஒற்றை வரி, நான்கு இடங்களிலிருந்தும் வரக்கூடியதுதான்.

பேத்தமங்களா, பாலாற்றின் கரையில் அமைந்த சிற்றூர். தங்கவயலின் குடிநீர்த் தேவைக்கு இங்குள்ள நீர்த்தேக்கமே நெடுங்காலம் ஆதாரமாக இருந்தது. மத்திய அரசு நிறுவனமான பாரத் தங்கச் சுரங்கம் 2001-ம் ஆண்டு மார்ச் 1-ம் தேதி மூடப்பட்ட பின்னர், இப்பகுதித் தமிழ்க் குடும்பங்களின் பிழைப்பு பெங்களூரை நம்பியதாயிற்று. மாரிக்குப்பத்திலிருந்து அதிகாலையில் புறப்படும் ரயில்கள் இதற்குச் சாட்சி. சுரங்கத்தில் தந்தையின் தொழிலை மகன் கற்றுக் கொண்ட காலம் போய்விட்டதால், பள்ளியும் தொழிற்பயிற்சியும் இங்கே வாழ்வாதாரப் பிரச்னை ஆகிவிட்டன.

கல்வி, மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது 1976-ம் ஆண்டின் 42-வது அரசியல் சட்டத் திருத்தத்தால். அதிகாரத்தில் பங்கு கேட்ட தில்லி, பொறுப்பில் அதே அளவு பங்கு எடுத்துக்கொண்டதா என்பது வேறு விஷயம். தொழிற்பயிற்சி நிலையங்களை எடுத்துக்கொண்டால், பாடத்திட்டமும் தேசியச் சான்றிதழும் மத்திய அரசின் வசம். அரசு நிலையங்களை நடத்துவதும் பயிற்றுநர்களை நியமிப்பதும் மாநிலத்தின் வேலை. பயிற்றுநர் பணியிடம் காலியாக இருப்பது ஏன் என்று தில்லியில் கேட்டால் பெங்களூரையும், பாடத்திட்டம் பழையதாக இருப்பது ஏன் என்று பெங்களூரில் கேட்டால் தில்லியையும் கைகாட்ட முடியும்.

மக்களவை விதிகளே இதற்கு இடமளிக்கின்றன. மத்திய அரசின் முதன்மைப் பொறுப்பில் வராத விஷயம் குறித்துக் கேள்வி கேட்கக் கூடாது என்பது விதி. எனவே அனுபவமுள்ள உறுப்பினர்கள் பள்ளியைப் பற்றிக் கேட்பதில்லை; பள்ளிக்கு வந்த மத்திய நிதியைப் பற்றிக் கேட்கிறார்கள். எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு விடுவிக்கப்பட்டது, எவ்வளவு செலவாயிற்று என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டால் அமைச்சர் நழுவ முடியாது.

கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். குலுக்கலில் தேர்வாகும் 20 கேள்விகள் மட்டுமே ஒரு நாளில் நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளாக, நேரடிப் பதிலுக்கு வரும். 230 கேள்விகளுக்கு எழுத்துமூலம் பதில். நேரடிப் பதிலுக்கு உரிய இருபதிலும் பல நாள்களில் ஐந்தாறுக்கு மேல் அவையில் எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. அமளி என்றால் அதுவும் இல்லை. துணைக்கேள்வி கேட்கும் வாய்ப்பு நட்சத்திரக் கேள்விக்கு மட்டுமே உண்டு என்பதால், உண்மையான விசாரணை நடப்பது அங்கேதான். கொரோனாவைக் காரணம் காட்டி 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே கைவிடப்பட்டபோது எதிர்க்கட்சிகள் கொதித்தெழுந்ததற்குக் காரணமும் இதுவே.

துணைக்கேள்வி என்ன செய்யும் என்பதற்கு 2025 மார்ச் 10-ம் தேதி ஓர் உதாரணம். பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டம் குறித்த கேள்வியின்போது, தமிழகத்துக்கு உரிய 2 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட கல்வி நிதி மறுக்கப்படுவதாக தென்சென்னை திமுக உறுப்பினர் தமிழச்சி தங்கபாண்டியன் குற்றம்சாட்டினார். ஒப்பந்தத்தில் கையெழுத்திட முதலில் சம்மதித்த மாநில அரசு பின்னர் நிலையை மாற்றிக்கொண்டதாகக் கல்வி அமைச்சர் தர்மேந்திர பிரதான் பதிலளித்தார். அப்போது அவர் பயன்படுத்திய ஒரு சொல்லுக்குக் கனிமொழி உள்ளிட்டோர் கடும் எதிர்ப்புத் தெரிவிக்க, அமைச்சர் அதைத் திரும்பப் பெற்றார். அவைக் குறிப்பிலிருந்தும் அது நீக்கப்பட்டது. நாளிதழ்களில் மறுநாள் அந்தச் சொல்லே தலைப்பாயிற்று. நிதி என்னவாயிற்று என்ற கேள்வி இரண்டாம் இடத்துக்குப் போனது.

கூச்சலின்றி அதே கேள்வியைக் கேட்டது நிலைக்குழு. திக்விஜய் சிங் தலைமையிலான கல்விக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, அதே மாதம் அளித்த அறிக்கையில், பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் சேராததற்காக சமக்ர சிக்ஷா நிதியை நிறுத்திவைப்பது சரியல்ல என்று சுட்டிக்காட்டியது. குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. தமிழக அரசு 2,291 கோடி ரூபாய் கோரி 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தை அணுக நேரிட்டது.

அதிகம் பேசப்படாத மற்றொரு கருவி அரசு உறுதிமொழிகள் குழு. "தகவல் திரட்டப்பட்டு வருகிறது" என்று அமைச்சர் சொன்னால் அது உறுதிமொழியாகக் கருதப்படும். மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். 1953 முதல் இயங்கும் இக்குழுவின் அறிக்கைகளைப் படிப்போர் குறைவு. நிலுவைப் பட்டியலோ நீண்டது.

பெங்களூரில் நிலைமை சற்றே மாறுபட்டது. 75 உறுப்பினர்களைக் கொண்ட கர்நாடக மேலவையில் 7 பேர் ஆசிரியர் தொகுதிகளிலிருந்தும், 7 பேர் பட்டதாரி தொகுதிகளிலிருந்தும் வருகின்றனர். ஆசிரியர் நியமனம், ஊதியம், ஓய்வூதியம் குறித்து அங்கே குரல் ஒலிக்கும். ஆனால் இத்தொகுதிகளில் வாக்குரிமை ஆசிரியருக்கும் பட்டதாரிக்கும்தான். மாணவனின் தந்தைக்கு இல்லை.

அவருக்கு உள்ள வழி சட்டப்பேரவை. தங்கவயல் தொகுதி ஒரு காலத்தில் அதிமுகவின் பக்தவத்சலத்தையும் இந்தியக் குடியரசுக் கட்சியின் ராஜேந்திரனையும் மாறி மாறி அங்கே அனுப்பியது. பேத்தமங்களாவுக்கும் தனித் தொகுதி இருந்தது. 2008 தொகுதி மறுசீரமைப்பில் அது மறைந்தது. இன்று இவ்வூர் தங்கவயல் தொகுதிக்குள் அடக்கம்.

தில்லியில் வரும் பதில்களில் அதுவும் இருக்காது. அட்டவணைகள் பெரும்பாலும் மாநிலவாரியாகவே தரப்படுகின்றன; வற்புறுத்தினால் மாவட்டவாரியாக. கோலார் மாவட்டம் என்ற ஒற்றை எண்ணுக்குள் மாம்பழத்துக்குப் பெயர்பெற்ற சீனிவாசபுரமும், சுரங்கம் இழந்த தங்கவயலும் ஒன்றாகிவிடுகின்றன. புள்ளிவிவரம் இல்லை என்பதல்ல. நாட்டின் ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண் தரப்பட்டு, பயிற்றுமொழி உள்பட விவரங்கள் ஆண்டுதோறும் கல்வி அமைச்சகத்தால் திரட்டப்படுகின்றன. தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்யச் சொல்லும் 350-ஏ பிரிவைக் குறிப்பிட்டு, பள்ளிவாரியாக அந்த விவரத்தைக் கேட்க உறுப்பினர் ஒருவருக்குத் தேவை ஒரு கேள்வித் தாள். 150 சொற்களுக்கு மிகாமல்.