ஆறு எண்ணா, மூன்று எண்ணா?

வாக்கி டாக்கியில் 145.500 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்காக 145500 என்று அழுத்தத் தொடங்குகிறீர்கள். மூன்றாவது எண்ணிலேயே அது சிணுங்கிவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. பலர் கீபேடு பழுது என்று நினைத்துவிடுவது இங்கேதான். கருவி சேனல் முறையில் நிற்கிறது, அவ்வளவுதான். நீங்கள் அழுத்திய 145-ஐ அது சேனல் எண்ணாக எடுத்துக்கொண்டது. அப்படியொரு சேனல் அதில் கிடையாது.

ஹாம் ரேடியோ பழகுகிறவர்களிடம் அதிகம் புழங்கும் பாவ்ஃபெங் யுவி-5ஆர் கருவியையே எடுத்துக்கொள்வோம். இதில் 000 முதல் 127 வரை 128 சேனல்கள். மூன்றாம் சேனலுக்குப் போக 003 என்று மூன்று எண்ணையும் அழுத்த வேண்டும். அலைவரிசை முறையிலோ ஆறு எண்கள். புள்ளியைக் கருவியே போட்டுக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே மாற்றுவது ஆரஞ்சு நிற ‘விஎஃப்ஓ/எம்ஆர்’ பொத்தான். அழுத்தினால் எந்த முறை என்று ஆங்கிலத்தில் குரல் சொல்லும். குரலை அணைத்து வைத்திருந்தால் திரையின் வலது ஓரத்தைப் பாருங்கள்: அங்கே சின்னதாக மூன்று இலக்க எண் தெரிந்தால் அது சேனல் முறை.

கடைசி இலக்கம் நீங்கள் அழுத்தியபடி நிற்காமல் நழுவினால் காரணம் ‘ஸ்டெப்’, அதாவது அலைவரிசை நகரும் படியின் அளவு. 5 கிலோஹெர்ட்ஸ் ஸ்டெப்பில் 446006 என்று கொடுத்தால் 446.005-க்குப் போய்விடும். மெனு 1-இல் 6.25 என்று வைத்துவிட்டு அதே எண்ணைக் கொடுங்கள், 446.00625 என்று சரியாக உட்காரும், கடைசி 25 மட்டும் பொடி எழுத்தில்.

சேமிப்பதில்தான் குழப்பம் அதிகம். சேனல் என்பது வெறும் அலைவரிசை எண் அல்ல. கேட்கும் அலைவரிசை, பேசும் அலைவரிசை, ரிப்பீட்டரைத் திறக்கும் மெல்லொலியான டோன் எல்லாம் சேர்ந்த ஒரு மூட்டை. ரிப்பீட்டர் என்பது நம் பேச்சை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம். 145.200-இல் கேட்டு 144.600-இல் பேச வேண்டிய ரிப்பீட்டர் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீல நிற ‘ஏ/பி’ பொத்தானால் திரையின் மேல் வரிக்கு வாருங்கள். கீழ் வரியில் இருந்தபடி இந்த வேலை நடக்காது. அலைவரிசை முறையில் 145200 கொடுத்து, மெனு 13-இல் டோனை வையுங்கள். பிறகு மெனு 27-க்குப் போய்ச் சேனல் எண்ணைத் தேர்ந்தெடுத்து மெனு பொத்தானை அழுத்தினால் ‘ரிசீவிங் மெமரி’ என்று குரல் வரும். வெளியே வந்து 144600 கொடுத்து, மறுபடி மெனு 27, அதே சேனல். இம்முறை ‘டிரான்ஸ்மிட்டிங் மெமரி’. கேட்பதும் பேசுவதும் ஒரே அலைவரிசை என்றால் முதல் சுற்றே போதும்.

மெனு 27-இல் எண்ணுக்கு முன்னால் ‘சிஎச்’ என்று தெரிந்தால் அந்தச் சேனலில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. மெனு 28-இல் அழித்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும். சேனல் முறையில் இருந்தபடி டோனை மாற்றினாலும் அது தங்காது.

கணினியில் கேபிளைச் செருகி, சர்ப் என்ற இலவச மென்பொருளில் இதையெல்லாம் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம்; பத்து சேனலுக்கு மேல் போனால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் களத்தில் ஒருவர் புது அலைவரிசையைச் சொல்லும்போது கையில் கீபேடு மட்டும்தான் இருக்கும்.

கீபேடு ஏற்றுக்கொள்ளும் எண்ணிலெல்லாம் பேசிவிட முடியாது. இந்தியாவில் தேர்வெழுதி ஹாம் உரிமம் பெற்றவருக்கு, நாம் பார்த்த 145.200 இருக்கும் பட்டையில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரைதான். கருவியோ 136 முதல் 174 வரை எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். மீதி இடங்களில் அரசுத் துறைகளும் தனியார் நிறுவனங்களும் உரிமத்தோடு பேசிக்கொண்டிருக்கின்றன.

எந்தப் பொத்தானுமே வேலை செய்யவில்லையா? திரையில் பூட்டுப் படம் இருக்கிறதா பாருங்கள். # பொத்தானை இரண்டு விநாடி அழுத்திப் பிடித்தால் திறந்துகொள்ளும்.