பிரயாணி காணாத பகுதி

நெடுந்தூர ரயிலில் ஊர் செல்லும்போது இருக்கை வசதியானதா, விசிறி சுழல்கிறதா என்றே நாம் பார்க்கிறோம். வண்டி நடுவழியில் நின்றால்தான் எஞ்சினைப் பற்றிய நினைவு வருகிறது. கப்பல் பிரயாணிகளும் இதற்கு விலக்கல்லர்.

ஸ்காட்லாந்தில் கிளைட் நதிக்கரையில் கட்டப்பெற்ற ‘குவீன் எலிசபெத் 2’ என்னும் கப்பல், 1969 மே மாதத்தில் தன் முதல் யாத்திரையைத் தொடங்கிற்று. நீராவிச் சுழலிகள் அதிர்வு மிகுதியின்றி அதனைச் செலுத்தின. பிரயாணிகள் கண்டவை உணவுக் கூடங்களும் மேல்தளங்களுமே. 1974 ஏப்ரலில் பெர்முடாவுக்கு அருகே கொதிகலன்கள் செயலிழந்தன. மிதந்து நின்ற கப்பலிலிருந்து 1,600-க்கு மேற்பட்டோர் வேறொரு கப்பலுக்கு மாற்றப்பட்டனர். கண்ணுக்குப் புலப்படாத பகுதியின் அருமை அன்று விளங்கியிருக்கும்.

நீராவி இயந்திரங்கள் எரிபொருளையும் மிகுதியாக உண்டன. ஆகவே 1986-87-இல் ஜெர்மனியின் பிரேமர்ஹாவன் நகரில் அவை அகற்றப்பட்டு, 9 டீசல் எஞ்சின்கள் பொருத்தப்பட்டன. அவை மின்சாரம் உண்டாக்க, அம்மின்சாரம் சுழல்விசிறிகளை இயக்கிற்று. டீசல் எஞ்சின் இயல்பாகவே அதிர்வது. பிரயாணிகள் பழகியிருந்த அமைதி கெடாதிருக்க, அதிர்வை உட்கொள்ளும் தாங்கிகளின்மீது எஞ்சின்கள் அமர்த்தப்பட்டன. எரிபொருள் செலவும் குறைந்தது. 2008 வரை கப்பல் கடலோடிற்று. 2018 முதல் துபாயில் தங்கும் விடுதியாக விளங்குகிறது.

எதனைப் புதுப்பிக்குமுன்னும் பிரயாணியின் கருத்தைக் கேட்பது நன்று. எஞ்சின் அறையில் உழைப்பவரின் கருத்தையும் கேட்டாலன்றி அது முழுமை பெறாது.