படம் அடித்தால் பட்டம் வருகிறதா?

தமிழ்99 முறையில் "படம்" என்று அடிக்கிறீர்கள். திரையில் "பட்டம்" என்று வருகிறது. "பலி" என்று அடித்தால் "பல்லி" வந்து உட்காருகிறது! உடனே கீபோர்டு கெட்டுப்போச்சுன்னு நினைக்காதீங்க. விரல் கீயின் மேல் கொஞ்சம் கூடுதல் நேரம் இருந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஒரு கீயை அழுத்தியபடியே வைத்திருந்தால் கணினி அந்த எழுத்தைத் திரும்பத் திரும்ப அடிக்கும். ஆங்கிலத்தில் ஒரே எழுத்து வரிசையாக நிற்பதால் தப்பு உடனே கண்ணில் படும். தமிழ்99-இல் "ட" அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால், முதல் "ட"வுக்குத் தானாகவே புள்ளி விழும். அம்மா, அப்பா, பட்டம் எல்லாம் சுலபமாக அடிக்கத்தான் இந்த விதி. ஆனால் விரல் தாமதித்து எழுத்து ஒரு தடவை கூடிவிட்டால், தப்பான சொல் சரியான சொல் போலவே நிற்கும். பிழை திருத்தும் மென்பொருளும் அதைப் பிடிக்காது.

இதற்குப் பின்னால் இரண்டே இரண்டு எண்கள் இருக்கின்றன.

1. தாமதம்: கீயை அழுத்திய பிறகு, திரும்ப அடிக்கத் தொடங்கும் வரை கணினி காத்திருக்கும் நேரம். இதை மில்லி விநாடியில் சொல்வார்கள். 1000 மில்லி விநாடி ஒரு விநாடி.

2. வேகம்: தொடங்கிய பிறகு விநாடிக்கு எத்தனை எழுத்து என்பது.

1984-இல் வந்த ஐ.பி.எம். ஏ.டி. கணினியின் கீபோர்டிலேயே இவற்றை மாற்ற வழி இருந்தது. தாமதத்துக்கு 4 படிகள், கால் விநாடி முதல் ஒரு விநாடி வரை. வேகத்துக்கு 32 படிகள், விநாடிக்கு 2 எழுத்து முதல் 30 எழுத்து வரை.

லினக்ஸில் எப்படி மாற்றுவது? டெர்மினலைத் திறந்து இப்படி அடியுங்கள் (எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில், "எக்ஸ்செட்" ஒரே சொல், மற்றவற்றுக்கு நடுவே இடைவெளி):

எக்ஸ்செட் ஆர் ரேட் 800 10

முதல் எண் தாமதம், அடுத்தது வேகம். கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 250, 30 என்று வைத்து ஒரு கீயை ஒரு விநாடி அழுத்தினால் சுமார் 24 எழுத்து வரும். 800, 10 என்று வைத்தால் மூன்றோ நாலோதான். பேக்ஸ்பேஸ் கீக்கும் இதே கணக்குதான். வேகம் அதிகமாக இருந்தால் ஒரு எழுத்தை அழிக்கப் போய் ஒரு வரியே காணாமல் போகும்!

திரும்ப அடிப்பதே வேண்டாம் என்றால்: எக்ஸ்செட் ஆர் ஆஃப்
மறுபடி வேண்டும் என்றால்: எக்ஸ்செட் ஆர் ஆன்
இப்போது என்ன எண் இருக்கிறது என்று பார்க்க: எக்ஸ்செட் கியூ
இயல்பு நிலைக்குத் திரும்ப: எண் எதுவும் போடாமல், எக்ஸ்செட் ஆர் ரேட்

லாக் அவுட் செய்தால் இந்த மாற்றம் போய்விடும். இன்னொரு விஷயம்: புதிய லினக்ஸ்களில் வேலாண்ட் என்ற திரை முறை இருந்தால் எக்ஸ்செட் வேலை செய்யாது. அங்கே செட்டிங்ஸில் "ரிபீட் கீஸ்" என்று தேடி மாற்றுங்கள்.

எழுத்து கூடுகிறது என்றால் முதலில் மாற்ற வேண்டியது தாமதத்தை. வேகத்தை மட்டும் குறைத்தால் போதாது. ஏன்னா, "படம்" "பட்டம்" ஆவதற்கு ஒரே ஒரு "ட" கூடினாலே போதுமே!

புதிதாகத் தட்டெழுதும் சின்னப் பிள்ளைகள், கை நடுங்கும் தாத்தா பாட்டி, விரலைச் சட்டென்று எடுக்க முடியாத மாற்றுத்திறனாளி நண்பர்கள் ஆகிய எல்லோருக்கும் இந்த ஒரு வரி பெரிய உதவி. பக்கத்தில் ஒருவர் தப்புத் தப்பாக அடித்தால் "உனக்கு டைப்பிங் வராது"ன்னு சிரிக்காதீங்க. தாமதத்தைக் கூட்டிக் கொடுத்துப் பாருங்க. அவர் கையில் பிழை இல்லை, எண்ணில்தான் பிழை என்று புரியும்.

பொதுக் கணினி என்றால், எழுந்து போகும்முன் பழையபடி வைத்துவிட்டுப் போங்க!