சிறையிலிருக்கும் பிள்ளைகளின் குடும்பங்களுக்கு நமது பிரதேச சபை என்ன செய்யலாம்?

ஒரு வீட்டின் இளைஞன் கைது செய்யப்பட்டால் தண்டனை அனுபவிப்பவன் அவன் மட்டுமல்ல. நீதிமன்றம் தீர்ப்புக் கூறுவதற்கு முன்னரே, சில வேளைகளில் குற்றப்பத்திரமே தாக்கல் செய்யப்படுவதற்கு முன்னரே, அவனுடைய தாயும் மனைவியும் சகோதரிகளும் பிள்ளைகளும் தண்டனையை அனுபவிக்கத் தொடங்கிவிடுகின்றனர். வீட்டுக்கு வந்துகொண்டிருந்த உழைப்பு நின்றுவிடுகிறது. சட்டத்தரணிக்கு, தவணைக்கு, சிறைக்குப் போய்வரும் பயணத்துக்கு என்று புதிய செலவுகள் வந்து சேர்கின்றன. நேற்றுவரை முற்றத்தில் வந்திருந்து கதைத்த அயலவர்கள் படலையைத் தாண்டிப் போய்விடுகின்றனர்.

சமூகவியலில் பட்டம்பெற்று, வடபகுதிக் கிராமங்களில் சமூகப்பணியாளராக வேலை செய்துவரும் நான் இப்படியான வீடுகள் பலவற்றுக்குப் போயிருக்கிறேன். அந்த வீடுகளின் சுமையில் ஒரு சிறு பகுதியையாவது நமது உள்ளூராட்சிச் சபைகள் தாங்க முடியும் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது. அது தருமம் அல்ல. நமது வரிப்பணத்திலிருந்து நாம் கேட்கக்கூடிய ஒன்று.

யார் இந்தக் குடும்பங்கள்?

1979இல் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் முதலில் மூன்று ஆண்டுகளுக்கென்றே இயற்றப்பட்டது. 1982இல் அது நிரந்தரமாக்கப்பட்டது. அதன்படி ஒருவரை நீதிமன்ற விசாரணையின்றிப் பதினெட்டு மாதங்கள் வரை தடுத்து வைக்க முடிந்தது. 2022இல் செய்யப்பட்ட திருத்தம் இதனைப் பன்னிரண்டு மாதங்களாகக் குறைத்தது. தடுப்புக்காவல் முடிந்த பின்னரும் விளக்கமறியலில் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபட்டதை நம்மில் பலர் அறிவோம். 2015 ஒக்ரோபரில் 200க்கும் மேற்பட்ட தமிழ்க் கைதிகள் தமது விடுதலையைக் கோரி உண்ணாவிரதம் இருந்தபோது, அவர்களில் பலர் இளைஞர்களாக உள்ளே போய் நடுவயதை அடைந்திருந்தனர். வெளியே காத்திருந்த மனைவியருக்கும் அதே அளவு வயது போயிருந்தது.

இன்று இந்தக் குடும்பங்களோடு வேறொரு வகைக் குடும்பங்களும் சேர்ந்துள்ளன. போரின் பின்னர் வளர்ந்த பிள்ளைகள் பலர் ஐஸ், ஹெரோயின், கஞ்சா தொடர்பான வழக்குகளில் உள்ளே இருக்கின்றனர். 2023 டிசம்பரில் நாடு முழுவதும் ‘யுக்திய’ என்ற பெயரில் நடவடிக்கை ஆரம்பிக்கப்பட்ட பின்னர் பெருந்தொகையானோர் கைதாகினர். காரணங்கள் வேறு. ஆனால் சிறை வாசலில் பையுடன் நிற்கும் தாய்மாரின் முகங்களில் நான் வித்தியாசம் எதையும் காணவில்லை.

ஒரு பயணத்தின் கணக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அநுராதபுரம் அதில் பாதித் தூரம். காலிக்கு அருகிலுள்ள பூசாவுக்கென்றால் 500 கிலோமீற்றருக்கும் மேல். வடமராட்சியில் வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போகும் ஒரு தாய் தன் கணக்கை எனக்கு இப்படிச் சொன்னார்:

“ஒருக்காப் போய்வர அஞ்சு நாள் கூலி போயிடும் பிள்ளை. இரவு பஸ் ஏறினால் விடியக் கொழும்பு. குளிக்க முகம் கழுவ இடமில்லை. அவனுக்குச் சோப்பு, பற்பசை, ஒரு சரம் வேண்டிக்கொண்டு போய் வரிசையிலை நிப்பன். கம்பிக்கு அங்காலை நிண்டு கொஞ்ச நேரம் கதைப்பான். ‘ஏனம்மா மெலிஞ்சு போனீங்கள்’ எண்டு கேப்பான். நான் என்னத்தைச் சொல்லுறது?”

அந்தத் தாய் மாதமொரு தடவை போய்வந்தவர். பின்னர் மூன்று மாதத்துக்கொரு தடவையாயிற்று. மகனோடு கோபம் என்று ஊரில் கதைத்தார்கள். உண்மையில் பஸ் காசு இல்லை.

கைதிகளை இயன்றவரை வீட்டுக்கு அருகிலுள்ள சிறைகளில் வைக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை 2015இல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள் கூறுகின்றன. அது நடைமுறைக்கு வரும்வரை தூரத்தின் விலையைக் கட்டுபவர்கள் பெண்களே. சர்வதேச செஞ்சிலுவைக் குழு பல ஆண்டுகளாகத் தடுப்பிலுள்ளோரைப் பார்க்கச் செல்லும் குடும்பத்தினரின் போக்குவரத்துச் செலவுக்கு உதவியது. உறவினரைப் பார்ப்பது ஆடம்பரமல்ல, அது கைதியின் மனநலத்துக்கும் குடும்பம் சிதையாமலிருப்பதற்கும் தேவையானது என்பதை அது ஏற்றுக்கொண்டதால்தான் அந்த உதவி கிடைத்தது.

“ஏனையவை” என்ற கூடு

உதவித் திட்டங்களுக்காகக் குடும்ப விபரம் திரட்டும் படிவங்களை நான் எத்தனையோ தடவை நிரப்பியிருக்கிறேன். கணவனை இழந்தவர், கணவன் காணாமற்போனவர், கைவிடப்பட்டவர், மாற்றுத்திறனாளி என்று கூடுகள் இருக்கும். மகனோ கணவனோ சிறையில் இருப்பவர் என்ற கூட்டை நான் நிரப்பிய படிவங்களில் காணவில்லை. அவர்களை “ஏனையவை” என்பதற்குள்தான் போட வேண்டியிருந்தது. கணவன் உயிரோடு இருப்பதால் அவள் விதவையல்ல. இருக்குமிடம் தெரிவதால் அவன் காணாமற்போனவனுமல்ல. ஆனால் அடுப்பு எரிய வேண்டிய வேளையில் அவள் பெண் தலைமைத்துவக் குடும்பத்தின் தலைவிதான்.

படிவத்தில் பெயர் எழுதவே பயப்படும் பெண்களும் உண்டு. “பட்டியலிலை பேர் போனால் பிறகும் ஆக்கள் விசாரிக்க வருவினம் அக்கா” என்று ஒரு இளம் மனைவி சொன்னாள். அவளுடைய அனுபவம் அப்படி. எனவே உதவி கேட்பதைப் போலவே அந்தப் பெயர்களைப் பாதுகாப்பதும் முக்கியம்.

சபையா, செயலகமா?

நமது பெண்கள் பலர் பிரதேச செயலகத்தையும் பிரதேச சபையையும் ஒன்றென்று நினைக்கின்றனர். செயலகம் மத்திய அரசின் நிருவாக அலுவலகம். கிராம அலுவலர் அதன் கீழ் வருகிறார். சபை என்பது நாம் வாக்களித்துத் தெரிவுசெய்த உறுப்பினர்களைக் கொண்டது. யாழ் மாவட்டத்தில் மட்டும் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், பதின்மூன்று பிரதேச சபைகள் உள்ளன.

வீதி, வடிகால், சந்தை, குப்பை, நூல்நிலையம் ஆகியவை மட்டுமே சபையின் வேலை என்ற எண்ணம் சரியல்ல. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பெண்கள் அபிவிருத்தி வேலைகளுக்கும் வறியோருக்கான நிவாரணத்துக்கும் சபை நிதியைச் செலவிட இடமளிக்கிறது. சபைக்குச் சோலைவரி, சந்தைக் குத்தகை, கடை வாடகை, அனுமதிப்பத்திரக் கட்டணம் என்பவற்றால் பணம் வருகிறது. நீதிமன்றங்கள் அறவிடும் தண்டப்பணமும் மாகாணத்தினூடாக உள்ளூராட்சிச் சபைகளுக்கு வந்து சேர்கிறது. நீதிமன்ற வாசலில் நிற்கும் குடும்பங்களுக்காக அந்தப் பணத்தில் சிறு பங்கைக் கேட்பது பொருத்தமற்ற கோரிக்கை அல்ல.

ஒரு சபையில் நடந்தது

2018 பெப்ரவரித் தேர்தலில்தான் உள்ளூராட்சிச் சபைகளில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. அவ்வாறு தெரிவான பெண் உறுப்பினர் ஒருவரின் உதவியுடன், 2019 இறுதியில் எங்கள் பகுதி மாதர் சங்கம் ஒன்று பிரதேச சபைக்கு மனுக் கொடுத்தது. அடுத்த ஆண்டுப் பாதீட்டில் சிறையிலுள்ளோரின் குடும்பங்களுக்கெனச் சிறுதொகை ஒதுக்கும்படி கேட்டிருந்தோம்.

இரண்டு எதிர்ப்புகள் வந்தன. அலுவலகத் தரப்பில், “இப்படியொரு செலவுத் தலைப்பு இல்லை, கணக்காய்வு ஐயவினா வரும்” என்றார்கள். உறுப்பினர்கள் பக்கத்திலிருந்து வந்ததுதான் கடினமானது. “இனத்துக்காகப் போன பிள்ளைகளின்ரை குடும்பத்துக்குக் குடுப்பம். கஞ்சா வித்தவன்ரை வீட்டுக்கும் சபைக் காசோ?” என்று ஒருவர் கேட்டார். அவரை நான் குறைகூற மாட்டேன். போதைப்பொருளால் பிள்ளையை இழந்த குடும்பங்களும் அதே ஊரில்தான் இருக்கின்றன. அவர்களுடைய கோபம் நியாயமானது.

ஆனால் நாம் கேட்டது உள்ளே இருப்பவனுக்கல்ல. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அவனுடைய மகள் எந்த வழக்கிலும் எதிரியல்ல. அவள் பள்ளிக்கூடம் போகாமல் நின்றுவிட்டால் அடுத்த தலைமுறையிலும் அந்த வீடு தலையெடுக்காது. அந்தப் பெண் உறுப்பினர் சபையில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “பிள்ளைக்குக் கொப்பி குடுக்கிறதுக்குத் தகப்பன்ரை வழக்கு இலக்கத்தைக் கேக்கப்போறியளோ?”

இறுதியில் ‘வறிய குடும்பங்களுக்கான நிவாரணம்’ என்ற பொதுத் தலைப்பின் கீழ் ஒரு தொகை ஏற்றுக்கொள்ளப்பட்டது. பதினொரு குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பாடசாலை உபகரணங்கள் கிடைத்தன. பயணச் செலவு மறுக்கப்பட்டது. வெங்காயத் தோட்டத்துத் தாய்க்கு அதனால் ஒரு பயன்கூடக் கிடைக்கவில்லை. 2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிந்து, தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்களின்றி அவை இயங்கியபோது அந்த ஏற்பாடும் தொடரவில்லை. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்து சபைகள் மீண்டும் கூடின. விட்ட இடத்திலிருந்து நாம் மறுபடி கேட்க வேண்டும்.

எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

*பயணம்:* காசாகத் தர முடியாதென்றால் பஸ் பற்றுச்சீட்டைக் காட்டிய பின் மீளக் கொடுக்கலாம். ஒரே சிறைக்குப் போகும் குடும்பங்கள் சேர்ந்து போக மாதமொரு வாகனத்தை ஒழுங்கு செய்யலாம். கணக்காய்வுக்குக் காட்டப் பற்றுச்சீட்டு இருக்கும்.

*பிள்ளைகள்:* கொப்பி, சப்பாத்து, முன்பள்ளிக் கட்டணம். மற்ற வறிய பிள்ளைகளோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். தனியே நிறுத்திக் கொடுத்தால் ஊர் அடையாளம் வைத்துவிடும்.

*தொழில்:* சபையின் சந்தையில் ஒரு கடைப்பகுதியையோ மரக்கறி விற்கும் இடத்தையோ குறைந்த வாடகைக்குக் கேட்கலாம். ஒருநாள் நிவாரணத்தைவிட இது நீடித்து நிற்கும்.

*பெயர்:* கூட்ட அறிக்கையில் பெயருக்குப் பதிலாக இலக்கம் இடும்படி கேளுங்கள். கையளிப்பு விழாவும் புகைப்படமும் வேண்டாமென்று முதலிலேயே சொல்லுங்கள்.

சபையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குவதால் மனுவைச் செப்டெம்பர், ஒக்ரோபர் மாதங்களிலேயே தவிசாளருக்கும் செயலாளருக்கும் கொடுத்து, கிடைத்ததற்கான ஒப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். தனியொருவராகப் போவதைவிட மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கடிதத்தோடு போவது நல்லது. வட்டார உறுப்பினரையும் பெண் உறுப்பினர்களையும் முன்னரே சந்தியுங்கள். சபையின் குழுக்களில் வீடமைப்பு, சமுதாய அபிவிருத்திக்கான குழுவும் ஒன்று. இந்த விடயத்தை அங்கே எடுக்கச் சொல்லலாம். சென்ற ஆண்டு நிவாரணத் தலைப்பில் எவ்வளவு ஒதுக்கி எவ்வளவு செலவிட்டார்கள் என்பதை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்டுப் பெறலாம். செலவழியாமல் மிஞ்சிய பணம் இருக்குமானால் உங்கள் மனுவுக்கு அதைவிட நல்ல வாதம் இல்லை.

வழக்குச் செலவுக்கு வழியில்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவின் அருகிலுள்ள அலுவலகத்தை நாடலாம். கைது பற்றிய முறைப்பாடுகளை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்களில் கொடுக்கலாம். இவை சபையின் வேலைகளல்ல. ஆயினும் அங்கே போய்வரும் பஸ் காசும் இந்தப் பெண்களின் மடியிலிருந்தே போகிறது.

சகோதரிகளே, ஒரு பிரதேச சபையால் சிறைக் கதவைத் திறக்க முடியாது. சட்டத்தை மாற்றவும் முடியாது. ஆனால் ஒரு தாய் தன் மகனை மாதமொரு தடவை பார்ப்பதற்கும், ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போவதற்கும் வேண்டிய பணம் ஒரு சிறு மதகு கட்டும் செலவுக்குள் அடங்கிவிடும். உங்கள் ஊரில் இப்படியொரு வீடு இருந்தால், அடுத்த மாதர் சங்கக் கூட்டத்துக்கு அந்தப் பெண்ணையும் கூப்பிடுங்கள். மனுவை அவரோடிருந்தே எழுதுங்கள்.